பிரேக் பிடிக்காத குடல்

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு நெகட்டிவ் ஃபீட்பேக் பத்தித் தனியா சொல்ல வேண்டியதில்லை. அவுட்புட் எல்லை தாண்டினால் அதுவே திரும்பி வந்து தன்னைக் குறைத்துக்கொள்ளும். அப்படி ஒரு லூப் உங்க குடலுக்குள்ள இந்த நிமிஷமும் ஓடிக்கிட்டிருக்கு. அது அறுந்தால் வருவதுதான் ஐ.பி.டி. எனப்படும் குடல் அழற்சி நோய்.

ஐ.பி.எஸ்.னு நீங்க கேள்விப்பட்டது வேற. அதில் வயிறு படுத்தும், ஆனால் குடலில் புண் இருக்காது. ஐ.பி.டி.யில் குடல் சுவரே வீங்கிப் புண்ணாகிறது. முக்கியமாக இரண்டு வகை: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்சவ்வோடு நின்றுவிடும், குரோன்ஸ் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம், சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும்.

குடலுக்குள் லட்சக்கணக்கான கோடி பாக்டீரியா வாழுது. அதுகளுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் சளிப்படலமும், ஒரே ஒரு செல் தடிமன் உள்ள சவ்வும்தான். சவ்வுக்குக் கீழே நோய் எதிர்ப்பு செல்கள் காவல் நிற்கின்றன. அங்கே அவற்றின் பெரும்பாலான வேலை, சும்மா இருப்பது! நீங்க சாப்பிட்ட இட்லியும் உடம்புக்கு அந்நியப் பொருள்தானே? சால்மோனெல்லா மாதிரி எதிரி வந்தால் மட்டும் அடிக்கணும், முடிந்ததும் நிறுத்தணும்.

'நிறுத்து' என்று சொல்லும் சிக்னல்களில் ஒன்று ஐ.எல்-10 என்ற புரதம். அதன் மரபணுவை நீக்கிய எலிகளுக்குத் தானாகவே குடல் அழற்சி வந்ததை 1993இல் கண்டார்கள். அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தால்? அழற்சி வரவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இது. பிரேக் இல்லாதது மட்டும் போதாது, வண்டியைத் தள்ள பாக்டீரியாவும் வேணும். 2009இல், ஐ.எல்-10 ரிசெப்டர் பழுதான சில குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடுமையான குடல் அழற்சி வந்தது தெரிந்தது. அவர்களில் ஒருவருக்கு ரத்த ஸ்டெம் செல் மாற்றியதும் நோய் அடங்கியது.

பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒரே மரபணுவில் பழுது இருக்காது. தொடர்புள்ள மரபணுப் பகுதிகளே 200க்கு மேல்; சூழலும் சேர்ந்துகொள்கிறது. ஆனா பிரேக் போன பிறகு நடப்பது கிட்டத்தட்ட ஒண்ணுதான். சவ்வு வழியே பாக்டீரியா கசியும். காவல் செல்கள் டி.என்.எஃப். என்ற புரதத்தைக் கொட்டும். அது இன்னும் செல்களை வரவழைக்கும், கூடவே சவ்வின் செல்களுக்கு இடையிலான பிடிப்பையும் தளர்த்தும். இன்னும் கசிவு, இன்னும் டி.என்.எஃப். அசல் பாசிட்டிவ் ஃபீட்பேக்!

அந்த இடத்தில் வெட்டும் மருந்துதான் இன்ஃப்ளிக்ஸிமாப். டி.என்.எஃப்.ஐப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி. குரோன்ஸுக்கு அமெரிக்காவில் 1998இல் அனுமதி கிடைத்தது.

நம்ம ஊர் சிக்கல் இங்கேதான் ஆரம்பம். உடம்பில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிச் சுவர் கட்டி வைத்திருப்பதும் இதே டி.என்.எஃப். அதை அடக்கினால் காசநோய் விழித்துக்கொள்ளலாம். அதனால் ஊசிக்கு முன்னாடி மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். போதாததுக்கு, குடல் காசநோயும் குரோன்ஸும் பார்க்க ஒரே மாதிரி. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம்தான் இரண்டுக்குமே பிடித்த இடம். குரோன்ஸ் என்று நினைத்துக் காசநோயாளிக்கு எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. மாற்றி நினைத்தால், குரோன்ஸ் நோயாளி மாசக்கணக்கில் தேவையில்லாத காசநோய் மாத்திரை சாப்பிடுவார். அந்த மாசங்களில் குடல் சுருங்கிக்கொண்டே போகும்.

இந்த நோய் அதிகம் தலைகாட்டுவது 15 முதல் 35 வயதுக்குள், அதாவது நம்ம வயசு. ஹாஸ்டலில் எல்லா வயிற்றுப்போக்கும் மெஸ் சாம்பார் கணக்கில்தான் போகுது. வாரக்கணக்கில் நீடித்தால், மலத்தில் ரத்தம் வந்தால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், எடை குறைந்தால் குடல் டாக்டரைப் பாருங்க. கால்புரோடெக்டின் என்று ஒரு டெஸ்ட் எழுதித் தரலாம். அழற்சி இடத்தில் குவியும் வெள்ளையணுக்கள் விட்டுப்போகும் புரதத்தை மலத்தில் அளப்பது அது. டப்பாவை லேப் கவுன்ட்டரில் நீட்டக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும். லேப்காரருக்கு அது அன்றைக்குப் பத்தாவது டப்பா.