மடிப்பு சோலார் பேனல்: மலை முகாமுக்கும் புயல் நாளுக்கும் தயாராவது எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரன்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் ஏ.சி.யைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் ‘நல்லா இருக்கோம்’ என்று சொல்ல போனில் சார்ஜ் வேண்டும், ராத்திரிக்கு ஒரு விளக்கு வேண்டும், குழந்தை தூங்க ஒரு சின்ன மின்விசிறி வேண்டும். தேவை அவ்வளவுதான். அதற்கே ஜெனரேட்டர் ஓடும் இடம் தேடிப் போக வேண்டியிருந்தது.

இந்த மூன்றையும் ஒரு 100 வாட் மடிப்பு சோலார் பேனலும் ஒரு நல்ல பேட்டரியும் கொடுத்துவிடும். மடித்தால் சூட்கேஸ் அளவு, எடை நாலைந்து கிலோ. விடுமுறையில் அதே செட்டை மலைக்கும் எடுத்துப்போகலாம். ஆனால் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் மட்டும் வேலை நடக்காது. தேவையைக் கணக்கிட வேண்டும், ஒத்திகை பார்க்க வேண்டும், பேட்டரியை முன்கூட்டியே நிரப்பி வைக்க வேண்டும். அதற்கான படிகள் இவை.

படி 1: தேவையைப் பட்டியல் போடுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுங்கள். எந்தெந்தக் கருவி, எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். வாட்டை மணியால் பெருக்கினால் கிடைப்பது வாட் ஹவர். மின்கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஹவர்.

நால்வர் கொண்ட குடும்பத்துக்கு, கரன்ட் இல்லாத ஒரு நாளின் கணக்கு வாட் ஹவரில் ஏறக்குறைய இப்படி வரும்:

- மூன்று செல்போன்கள், ஒவ்வொன்றுக்கும் 20 வீதம்: 60
- 5 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, 5 மணி நேரம்: 50
- 15 வாட் டி.சி. மின்விசிறி, 8 மணி நேரம்: 120
- 10 வாட் வைஃபை ரவுட்டர், 6 மணி நேரம்: 60

மொத்தம் 290 வாட் ஹவர். இதை 300 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சாதாரண வீட்டு ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டை ஒட்டி இழுக்கும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் கேட்கும். மிக்ஸி, அயர்ன்பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவையும் இந்தச் செட்டுக்கு ஆகாது. வீட்டில் பழைய 75 வாட் சீலிங் ஃபேன் இருந்தால், அதை ஓட்டும் மின்சாரத்தில் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டை ஓட்டலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

படி 2: பேனலின் உண்மையான விளைச்சலைக் கணக்கிடுங்கள்

பேனலில் அச்சிட்டிருக்கும் 100 வாட் என்பது ஆய்வுக்கூட அளவு. ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, செல்லின் சூடு 25 டிகிரி என்ற நிலையில் எடுத்தது. நம்மூர் வெயிலில் கறுப்பான பேனல் 60 டிகிரியைச் சுலபமாகத் தொடும். சூடு ஏற ஏற, டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். கோணம், தூசி, வயர் இழப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், நல்ல வெயிலிலும் 65 முதல் 75 வாட் கிடைத்தாலே அது தரமான பேனல்தான்.

தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரியாக, நாளொன்றுக்கு 5 மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி கிடைக்கிறது. பாதுகாப்பாக 4.5 மணி என்று எடுத்துக்கொண்டால், 65 வாட் வீதம் சுமார் 290 வாட் ஹவர். தெளிவான வானத்தில் 100 வாட் பேனல் ஒன்று மேலே சொன்ன குடும்பத்துக்குச் சரியாகப் போதும். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் இது பாதிக்கும் கீழே போகும். அதனால் மழைக்காலத் தேவைக்கு வாங்குகிறவர்கள் 200 வாட்டாக வாங்குவது நல்லது. ஒருவர் இருவர் மட்டும் முகாமுக்குப் போவதென்றால், யு.எஸ்.பி. வெளியீடுள்ள 20 முதல் 28 வாட் பேனலே போதும்.

படி 3: பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள்

பேனல் மோட்டார் என்றால் பேட்டரிதான் மேல்தொட்டி. தொட்டி இல்லாமல் மோட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு ராத்திரியில் குழாயைத் திறக்க முடியாது. மூன்று வழிகள் இருக்கின்றன.

பவர் பேங்க்: போனுக்கும் சிறு விளக்குக்கும் ஏற்றது. 20,000 எம்.ஏ.எச். என்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட் ஹவர். இழப்பு போக 60 கிடைக்கும், 5,000 எம்.ஏ.எச். போனை மூன்று முறை நிரப்பலாம்.

பவர் ஸ்டேஷன்: பேட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கும். நம் குடும்பக் கணக்குக்கு 500 முதல் 600 வாட் ஹவர் உள்ளது ஏற்றது. ஒரு நாள் முழுக்க வெயில் இல்லாவிட்டாலும் தாங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். எடை சற்றுக் கூடினாலும் ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம், வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி: பல வீடுகளில் 12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஏற்கெனவே இருக்கிறது. அது 1,800 வாட் ஹவர் கொள்ளும். பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் 900. மடிப்பு பேனலைக் கொண்டு இதற்கும் சார்ஜ் ஏற்றலாம். ஆனால் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். முதலில் கன்ட்ரோலரை பேட்டரியோடு இணையுங்கள், பிறகு பேனலை. கழற்றும்போது முதலில் பேனலைக் கழற்றுங்கள். இந்த வரிசை மாறினால் கன்ட்ரோலர் பழுதாகலாம். எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலர் விலை கூடுதல்தான். ஆனால் சாதாரண பி.டபிள்யூ.எம். வகை வீணாக்கும் மின்சாரத்தை அது மீட்டுத் தரும்.

படி 4: கடையில் பார்க்க வேண்டியவை

பேனலின் பின்புறச் சீட்டில் ‘திறந்த சுற்று வோல்ட்’ (Voc) என்று ஓர் எண் இருக்கும். 100 வாட் மடிப்பு பேனல்களில் பெரும்பாலும் 21 முதல் 25 வோல்ட். உங்கள் பவர் ஸ்டேஷன் ஏற்கும் உச்ச வோல்ட்டுக்குள் அது இருக்க வேண்டும். சிறிய பெட்டிகள் பலவும் 30 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இரண்டு பேனலைத் தொடராக இணைத்தால் வோல்ட் கூடும், பக்கவாட்டில் இணைத்தால் ஆம்பியர் கூடும். சின்னப் பெட்டிக்குப் பக்க இணைப்பே பாதுகாப்பு.

அடுத்து கனெக்டர். எம்.சி.4, எக்ஸ்.டி.60, உருண்டை டி.சி. பின் என்று பல வகை உண்டு. பேனலையும் பெட்டியையும் கடையிலேயே இணைத்து, வெயிலில் காட்டி, திரையில் வாட் ஏறுவதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மேற்பூச்சு இ.டி.எஃப்.இ. என்றால் பல ஆண்டுகள் மங்காது, பி.இ.டி. பூச்சு விரைவில் மஞ்சளாகும்.

படி 5: மொட்டை மாடியில் ஒத்திகை

ஒரு தை மாதக் காலை, ஒன்பது மணி. பேனலைத் தரையில் படுக்க வைத்தால் திரையில் 35 வாட் அளவில்தான் காட்டும். அதைத் தூக்கிச் சூரியனுக்கு நேராக நிறுத்துங்கள், 60ஐ எட்டும். நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பேனா போதும். பேனாவைப் பேனல் மேல் செங்குத்தாகப் பிடியுங்கள். நிழல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அதைக் கவனித்துப் பேனலைச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். நிழல் பேனாவின் அடியிலேயே மறைந்துவிட்டால் பேனல் சூரியனை நேருக்கு நேர் பார்க்கிறது என்று பொருள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படித் திருப்பினால் ஒரு நாளின் மகசூல் கண்கூடாகக் கூடும்.

சென்னையில் மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். பேனலைத் தெற்கு நோக்கி 35 டிகிரி அளவுக்குச் சாய்க்க வேண்டும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். அப்போது படுக்க வைத்தாலே போதும்.

நிழலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். செல்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒரு மூலையில் விழும் கொடிக்கயிற்றின் நிழலோ ஓர் இலையோ கூட மொத்த வாட்டையும் கீழே இழுக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே உள்ளங்கையால் ஒரு செல்லை மறைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். பேனலின் முதுகில் காற்று போக இடம் விடுங்கள். சுட்ட தளத்தில் ஒட்டிக் கிடந்தால் சூடேறி உற்பத்தி குறையும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதும் நஷ்டமே.

பேனலுக்கு வெயில், பேட்டரிக்கு நிழல். இது மாறாத விதி. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பூட்டிய காருக்குள்ளும், வெயில் படும் கூடாரத்துக்குள்ளும் அதை வைக்காதீர்கள்.

படி 6: முகாமில்

மலையில் வெயில் நம் விருப்பத்துக்கு வராது. கொடைக்கானல், மேகமலைப் பக்கமெல்லாம் காலையில் பளிச்சென்று அடித்துவிட்டு மதியத்துக்கு மேல் மஞ்சு மூடிக்கொள்ளும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும்: எட்டு மணிக்கே பேனலை விரித்துவிடுங்கள்.

போனை நேரடியாகப் பேனலில் மாட்டாதீர்கள். மேகம் கடக்கும்போதெல்லாம் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும், போனும் வெயிலில் சுடும். பகலில் பவர் பேங்கை நிரப்பி, இரவில் அதிலிருந்து போனுக்கு ஏற்றுங்கள். நடக்கும்போது பைக்கு மேல் பேனலைத் தொங்கவிட்டால் பெரிதாக எதுவும் கிடைக்காது; தங்குமிடத்தில் நிலையாக விரிப்பதே பலன் தரும்.

பேனலின் நான்கு மூலைகளையும் கயிற்றால் கட்டுங்கள். காற்றில் பாய் போல எழும்பும். குரங்குகள் உள்ள இடத்தில் ஆள் இல்லாமல் விட்டுப்போகாதீர்கள். துணி நனைந்தாலும் தாங்கும் பேனல்களில்கூட யு.எஸ்.பி. பெட்டி நனையக் கூடாது. இடி கேட்டால் உடனே மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். வனத்துறை அனுமதித்த இடத்தில் மட்டும் தங்குங்கள். இரவில் விளக்கைக் கூடாரத்துக்குள் மட்டும் எரியவிடுங்கள்.

விமானத்தில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: 100 வாட் ஹவர் வரையிலான பவர் பேங்கைக் கைப்பையில் மட்டும் எடுத்துச் செல்லலாம். 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. அதற்கு மேற்பட்ட பவர் ஸ்டேஷனுக்கு அனுமதி கிடையாது. பேட்டரி இல்லாத பேனலுக்குச் சிக்கல் இல்லை.

படி 7: புயல் எச்சரிக்கை வந்தவுடன்

புயல் அடிக்கும் நாளில் சோலார் பேனலால் பயன் இல்லை. கனத்த மேகத்தில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் கிடைத்தாலே அதிகம். அந்த முதல் இரண்டு நாட்களை ஓட்டப்போவது பேட்டரிதான். பேனலின் வேலை மூன்றாம் நாள் தொடங்குகிறது.

எச்சரிக்கை வந்த அன்றே, கரன்ட் இருக்கும்போதே, பவர் ஸ்டேஷன், பவர் பேங்க், போன், டார்ச் எல்லாவற்றையும் முழுதாக நிரப்புங்கள். பேனலைப் பாலித்தீன் உறையில் சுற்றி மேல் அலமாரியில் வையுங்கள். வெள்ளம் வந்தால் தரையில் இருப்பதுதான் முதலில் போகும். கரன்ட் போனதும் போனை மின்சேமிப்பு நிலைக்கு மாற்றுங்கள். யு.எஸ்.பி.யில் ஓடும் விளக்கையும் விசிறியையும் யு.எஸ்.பி.யிலேயே ஓட்டுங்கள். இன்வெர்ட்டர் சுவிட்சைப் போட்டாலே அது தனக்கென்று பல வாட்டைத் தின்னும்.

புயல் கடந்து மாடிக்குப் போகும் முன் சுற்றிலும் பாருங்கள். அறுந்த வயர் தொங்கினால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

உயிரோடு சம்பந்தப்பட்ட எச்சரிக்கை ஒன்று உண்டு. பவர் ஸ்டேஷனின் மின்சாரத்தை இரட்டைப் பிளக் வயர் வழியாக வீட்டுச் சுவர் சாக்கெட்டில் ஒருபோதும் செலுத்தாதீர்கள். அது மீட்டரைத் தாண்டி வெளியே போய், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின்வாரிய ஊழியரைக் கொன்றுவிடக்கூடும். கருவிகளைப் பெட்டியில் நேரடியாக மட்டும் மாட்டுங்கள்.

வீட்டில் நெபுலைசர், சிபாப் போன்ற சுவாசக் கருவி பயன்படுத்துகிறவர் இருந்தால், அதன் வாட்டைப் பார்த்து, ஓர் இரவு முழுக்க ஓட்டிச் சோதித்துவிடுங்கள். மருத்துவரிடம் மாற்று ஏற்பாட்டையும் கேட்டு வையுங்கள்.

படி 8: பராமரிப்பு

பேனலை ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்திய பிறகே மடியுங்கள். சோப்புத்தூளும் நார்த் தேய்ப்பானும் வேண்டாம். மடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் மடியுங்கள். செல்லின் குறுக்கே வளைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. லித்தியம் பேட்டரியை மாதக்கணக்கில் வைப்பதென்றால் 50 முதல் 80 சதவீத சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் முழுதாக நிரப்பியே வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். காலை முதல் இரவு வரை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இந்தச் செட்டை மட்டும் நம்பி வாழ்ந்து பாருங்கள். எந்த வயர் குறைகிறது, எந்தக் கருவி அதிகம் தின்கிறது, பக்கத்து வீட்டுப் பெரியவரின் போனுக்கும் சேர்த்து மிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். குறையை மறுநாளே கடைக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளலாம். புயல் வந்த பிறகு கடை திறந்திருக்காது.