உந்துவிசையும் இழுவையும்

பறக்கும் விமானத்தின்மீது நான்கு விசைகள் செயல்படுகின்றன. எடை அதைக் கீழே இழுக்கிறது. இறக்கைகள் உண்டாக்கும் தூக்குவிசை மேலே தாங்குகிறது. இயந்திரங்கள் தரும் உந்துவிசை முன்னோக்கித் தள்ளுகிறது. எதிர்ப்படும் காற்றின் இழுவை பின்னோக்கித் தடுக்கிறது. முதல் இரண்டும் எளிதில் விளங்கிவிடும். குழப்பம் தருபவை பின்னிரண்டே.

விமானம் முன்னேறிச் செல்வதால், உந்துவிசை எப்போதும் இழுவையைவிட மிகுதியாக இருக்க வேண்டும் எனப் பலர் எண்ணுவதுண்டு. வேகம் கூடிக்கொண்டிருக்கும் வேளையில் மட்டுமே அது சரி. ஓடுபாதையில் விரையும்போது உந்துவிசை மிகுந்திருக்கிறது. அதனால் வேகம் கூடுகிறது. வேகம் கூடக்கூட இழுவையும் கூடுகிறது. 35,000 அடி உயரத்தில் ஒரே வேகத்தில் மட்டமாகப் பறக்கும்போது இரண்டும் சமமாகிவிடுகின்றன. சமதரையில் சீராக மிதிவண்டி ஓட்டுபவரும் இதைத்தான் செய்கிறார். அவர் மிதிப்பது வேகத்தைக் கூட்டுவதற்கன்று. காற்றும் உராய்வும் பறித்துக்கொள்வதை ஈடுகட்டுவதற்கு.

உந்துவிசை பிறக்கும் விதம் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜெட் இயந்திரம் முன்புறமிருந்து காற்றை உள்ளிழுத்துப் பின்புறமாக வேகத்துடன் தள்ளுகிறது. பின்னே தள்ளப்படும் காற்று விமானத்தை முன்னே தள்ளுகிறது.

இழுவை இருவகைப்படும். விமானத்தின் உடல் காற்றைக் கிழித்துச் செல்வதால் எழுவது ஒன்று. வேகம் இரு மடங்கானால் இது நான்கு மடங்காகும். மற்றொன்று, தூக்குவிசைக்காகக் கொடுக்கும் விலை. இறக்கையின் கீழுள்ள அழுத்தம் மிகுந்த காற்று, இறக்கை நுனியைச் சுற்றி மேலேறிச் சுழலாக மாறுகிறது. அந்தச் சுழலை உண்டாக்கும் ஆற்றல் விமானத்திடமிருந்தே போகிறது. பல விமானங்களின் இறக்கை நுனிகள் மேல்நோக்கி வளைந்திருப்பது அழகுக்காக அன்று. இந்த இழப்பைக் குறைக்கவே. இரண்டாம் வகை இழுவை மெதுவாகப் பறக்கும்போதுதான் மிகுதி. ஆகவே, மிக விரைந்தாலும் இழுவை கூடும், மிகவும் தாமதித்தாலும் கூடும். இடையில் ஏதோ ஒரு வேகத்தில்தான் மொத்த இழுவை மிகக் குறைவாக இருக்கும்.

உந்துவிசை முற்றாக நின்றுபோனால் என்ன நடக்கும்? விமானம் கல்லைப்போல் விழுந்துவிடும் என்ற அச்சம் இயல்பானது. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், கனடாவில் 69 பேர் இந்தக் கேள்விக்கான விடையை நேரில் கண்டனர்.

ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் அன்று மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன் நகருக்குப் பறந்துகொண்டிருந்தது. கனடா அப்போதுதான் பழைய அளவைகளை விட்டு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பயணத்திற்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவைப்பட்டது. விமானத்தின் எரிபொருள் அளவுகாட்டி பழுதாகியிருந்ததால், தரையில் அளந்து கையால் கணக்கிட்டார்கள். லிட்டரைக் கிலோகிராமாக மாற்ற வேண்டிய இடத்தில், பவுண்டாக மாற்றும் எண்ணால் பெருக்கிவிட்டார்கள். விளைவு, விமானத்தில் இருந்தது 22,300 பவுண்டு மட்டுமே. தேவையில் பாதிகூட இல்லை. கணக்குத் தாளில் எண் சரியாகத்தான் இருந்தது. அதன் அருகில் இருந்த அலகுதான் தவறு.

41,000 அடி உயரத்தில் எச்சரிக்கை ஒலி எழுந்தது. விமானி பாப் பியர்சன் வின்னிபெக் நகரில் இறங்க முடிவு செய்தார். அங்கே செல்லும் வழியிலேயே ஓர் இயந்திரம் நின்றது. சற்று நேரத்தில் மற்றதும் நின்றது. மின்சாரம் போய், விமானி அறையின் திரைகள் பெரும்பாலும் இருண்டன.

ஆயினும் விமானம் விழவில்லை. கேமரன் மலைச் சாலையில் மிதிக்காமலே உருண்டு இறங்கும் மிதிவண்டியை எண்ணிப் பார்த்தால் காரணம் புரியும். பாதை கீழ்நோக்கிச் சாயும்போது எடையின் ஒரு பகுதி முன்னோக்கி இழுக்கிறது. உந்துவிசை செய்துவந்த வேலையை எடையே ஏற்றுக்கொள்கிறது. வேறு விதமாகச் சொன்னால், உயரமே எரிபொருளாகிறது. இழுவை எவ்வளவு குறைவோ, அவ்வளவு தொலைவு அந்த உயரம் தாங்கும்.

இது அவ்வளவு அரிய நிகழ்ச்சியுமன்று. சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் விமானம், தரையிறங்குவதற்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் முன்பே, மலாக்கா நீரிணையின் மேல் இயந்திர விசையைக் குறைத்து இறங்கத் தொடங்குகிறது. இரைச்சல் தணிவதைப் பயணிகள் காதாலேயே உணரலாம். வேறுபாடு என்னவென்றால், அந்த விமானி வேண்டும்போது உந்துவிசையை மீண்டும் பெறலாம். பியர்சனால் முடியாது.

இரண்டு இயந்திரங்களும் நின்றால் எந்த வேகத்தில் சறுக்க வேண்டும் என்பது கையேட்டில் இல்லை. பியர்சன் ஓய்வு நேரங்களில் இயந்திரமில்லாச் சறுக்கு விமானம் ஓட்டிப் பழகியவர். அந்த அனுபவத்தைக் கொண்டு, இழுவை மிகக் குறையும் வேகம் 220 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 407 கிலோமீட்டர், என ஊகித்தார். துணை விமானி மோரிஸ் குவின்டல் கணக்குப் போட்டார். விமானம் 18.5 கிலோமீட்டர் முன்னேறுவதற்குள் 5,000 அடி இறங்கியிருந்தது. ஓர் அடி இறக்கத்திற்கு 12 அடி முன்னேற்றம்! பெரிய விமானத்திற்கு இது மோசமில்லை. ஆனாலும் வின்னிபெக் எட்டாது.

விமானத்தைத் திருப்பும் கருவிகள் மட்டும் எப்படி வேலை செய்தன? ஆபத்து நேரத்தில் ஒரு சிறு காற்றாடி விமானத்தின் அடியிலிருந்து வெளியே வரும். எதிர்க்காற்றில் சுழன்று, அந்தக் கருவிகளை இயக்கும் அழுத்தத்தை அது தரும். அதுவும் இலவசமன்று, காற்றாடியே கொஞ்சம் இழுவையைக் கூட்டுகிறது. விமானத்தின் வேகம் குறைந்தால் அது தரும் ஆற்றலும் குறையும்.

குவின்டலுக்குக் கிம்லி என்னும் சிற்றூர் நினைவுக்கு வந்தது. விமானப்படையில் இருந்தபோது அவர் அங்குள்ள தளத்தில் பணியாற்றியவர். தளம் மூடப்பட்டதும், பழைய ஓடுபாதை கார்ப் பந்தயத் தடமாக மாறியதும் அவருக்குத் தெரியாது. அன்று அங்கே பந்தய விழா. குடும்பம் குடும்பமாக மக்கள் கூடியிருந்தனர்.

ஓடுபாதை கண்ணில் பட்டபோது புதிய சிக்கல் எழுந்தது. அதுவரை எட்டுமா என்று அஞ்சிய விமானம், இப்போது அளவுக்கு மீறிய உயரத்தில் இருந்தது. மூக்கைத் தாழ்த்தினால் வேகம் கூடி, ஓடுபாதையைத் தாண்டிப் போய்விடும். ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் உயரம் போதாமல் போகும். வழக்கமாக விமானிகள் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடல்களை நீட்டி இழுவையைக் கூட்டுவார்கள். அவற்றை நீட்ட ஆற்றல் இல்லை. எந்த இழுவையைக் குறைக்க இத்தனை நேரம் பாடுபட்டாரோ, அந்த இழுவையே இப்போது பியர்சனுக்கு வேண்டியிருந்தது.

அவர் சறுக்கு விமானிகளின் பழைய உத்தி ஒன்றைக் கையாண்டார். வால் சுக்கானை ஒரு பக்கமும், இறக்கைகளைச் சாய்க்கும் தகடுகளை எதிர்ப்பக்கமும் திருப்பினார். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கூரிய மூக்குக்குப் பதிலாகத் தன் அகன்ற விலாவைக் காற்றுக்குக் காட்டியது. இழுவை திடீரென்று பெருகியது. வேகம் கூடாமலே உயரம் குறைந்தது. சிறிய விமானங்களில் இது சாதாரணப் பயிற்சி. நூறு பேருக்கு மேல் ஏறிச்செல்லும் விமானத்தில் எவரும் செய்து பார்க்கத் துணியாத ஒன்று. சன்னல் வழியே ஒரு பக்கப் பயணிகளுக்குத் தரையும் மறுபக்கப் பயணிகளுக்கு வானமும் தெரிந்தன. தரையைத் தொடுவதற்குச் சற்றுமுன் அவர் விமானத்தை நிமிர்த்தினார்.

சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே இறக்கப்பட்டிருந்தன. முன்சக்கரம் மட்டும் சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. தரை தொட்டதும் அது மடங்கியது. விமானத்தின் மூக்கு தரையில் உரசித் தீப்பொறி பறந்தது. அந்த உராய்வும் விமானத்தை விரைவாக நிறுத்த உதவியது. இயந்திர ஒலி இல்லாததால், அது வருவதையே கீழே இருந்தவர்கள் தாமதமாகத்தான் அறிந்தனர். ஆனாலும் கூட்டத்தை அடையும் முன்பே விமானம் நின்றுவிட்டது. முன்பகுதியில் எழுந்த சிறு தீயைப் பந்தயக்காரர்கள் தங்கள் தீயணைப்பான்களால் அணைத்தனர். வால்புறம் உயர்ந்து நின்றதால், பின்வாசல் வழியே சறுக்கி இறங்கிய சிலருக்குச் சிறு காயங்கள் ஏற்பட்டன. உயிரிழப்பு இல்லை. பழுது பார்க்கப்பட்ட அவ்விமானம் 2008ஆம் ஆண்டு வரை பறந்தது.