எமுலேட்டர் திணறினால் எங்கே பார்ப்பது?

பழைய பிளேஸ்டேஷன் 2 விளையாட்டு ஒன்றை, அந்தக் கன்சோலைப்போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டர் மூலம் கணினியில் ஓட்டுகிறீர்கள். இசை இழுபடுகிறது, கதாநாயகன் இடுப்பளவுத் தண்ணீரில் நடப்பதுபோல நகர்கிறான். இந்த இடத்தில் பலரும் செட்டிங் பக்கத்தைத் திறந்து, ஏதோ ஒரு வீடியோவில் சொன்ன பத்து மாற்றங்களை ஒரே மூச்சில் செய்துவிடுகிறார்கள். வேகம் கூடினாலும் குறைந்தாலும் எதனால் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

டெக் சப்போர்ட், கேம் டெஸ்டிங் போன்ற வேலைகளுக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு நான் முதலில் கொடுக்க விரும்பும் பயிற்சி, இந்தத் திணறலின் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான். "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று அலுவலகத்தில் வரும் புகாருக்குரிய எல்லாச் சிக்கலும் இதில் உண்டு. செலவும் இல்லை. சொந்தமாக வாங்கிய டிஸ்க்கும், சொந்தக் கன்சோலிலிருந்து எடுத்த பயாஸும் (கன்சோலைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) போதும். இணையத்தில் கிடைக்கும் பயாஸ் கோப்புகளைத் தொடாதீர்கள். தொழிலுக்கு வருகிறவருக்கு அந்த ஒழுங்கு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

பிளேஸ்டேஷன் 2 வெளிவந்தது 2000ஆம் ஆண்டில். அதன் மூளையான எமோஷன் இன்ஜினின் வேகம் சுமார் 295 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 32 எம்பி. இன்றைய லேப்டாப்பின் ஒரு கோர் மட்டுமே கடிகார வேகத்தில் அதைப் பத்து மடங்குக்கு மேல் மிஞ்சும். பிறகு ஏன் திணறல்? அந்த மூளைக்காக எழுதிய கட்டளைகளை உங்கள் பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எமுலேட்டர் மாற்றியாக வேண்டும். அதோடு இரண்டு வெக்டர் யூனிட்கள், படம் வரையும் கிராஃபிக்ஸ் சிந்தசைசர், ஒலிக்கான சிப் என்று கன்சோலில் தனித்தனியே ஓடிய பாகங்களையெல்லாம் நேரம் பிசகாமல் ஒன்றோடொன்று பொருத்தி நடத்த வேண்டும். திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு சுற்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்ட். இன்னும் பழைய கன்சோலான சூப்பர் நின்டெண்டோவின் பிராசஸர் வெறும் 3.58 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனாலும் அதைத் துல்லியமாக நடத்திக்காட்ட பிஎஸ்நெஸ் எமுலேட்டர் 2011 வாக்கில் 3 கிகாஹெர்ட்ஸ் கணினியைக் கேட்டது. பழைய கன்சோல்தானே என்று கணக்குப் போடுவது இங்கே எடுபடாது.

எனவே எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரில் திரைமேல் தகவல் காட்டும் வசதியை இயக்கினால் வேகம், ஃப்ரேம் எண்ணிக்கை, ஒவ்வொரு பாகத்தின் சுமை எல்லாம் ஓரத்தில் வரும். முதலில் பார்க்க வேண்டியது வேகச் சதவீதத்தை. அது 100 என்று நின்றால் எமுலேட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஃப்ரேம் எண்ணிக்கை 30 என்று இருப்பதைக் கண்டு பதறுகிறவர்கள் நிறைய. அந்தக் காலத்து விளையாட்டுகளில் பல 30 ஃப்ரேமுக்கே வடிவமைக்கப்பட்டவை. ஐரோப்பியப் பதிப்பு என்றால் 25 கூட இருக்கலாம். வேகம் 100 சதவீதத்தில் இருக்கிறது, ஃப்ரேம் 30 என்றால் அங்கே பழுது எதுவும் இல்லை. வேகம் 70க்கு இறங்கி, இசையும் சேர்ந்து கரகரத்தால்தான் விசாரணை தொடங்குகிறது.

அடுத்த கேள்வி, தாமதப்படுத்துவது யார்? அதே தகவல் வரிசையில் இஇ (எமோஷன் இன்ஜின்), ஜிஎஸ் (கிராஃபிக்ஸ் சிந்தசைசர்), வியு (வெக்டர் யூனிட்), ஜிபியு என்று தனித்தனிச் சதவீதங்கள் இருக்கும். முதல் மூன்றும் உங்கள் பிராசஸரில் ஓடும் இழைகள். கடைசியானது கிராஃபிக்ஸ் கார்டு. எது 100ஐ ஒட்டி நிற்கிறதோ அதுவே மற்றவற்றைக் காக்க வைக்கிறது. இதை உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. படத்தின் உள் ரெசல்யூஷனை கன்சோலின் இயல்பான அளவுக்கு இறக்குங்கள். வேகம் சட்டென ஏறினால் குற்றவாளி கிராஃபிக்ஸ் கார்டு. ஒன்றுமே மாறவில்லை என்றால் பிராசஸர். ஒரு நிமிட வேலைதான், ஆனால் பாதி வழக்கு இதிலேயே முடிந்துவிடும்.

டாஸ்க் மேனேஜரின் மொத்தச் சதவீதத்தை இங்கே நம்பக் கூடாது. எட்டு இழைகள் கொண்ட பிராசஸரில் ஒரே இழை மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் 12.5 சதவீதம்தான் காட்டும். "சிபியு சும்மாதானே இருக்கிறது" என்று புகார்தாரரும் சொல்வார், அனுபவமில்லாத சப்போர்ட் ஆளும் அதையே எழுதி டிக்கெட்டை மூடிவிடுவார். எமுலேட்டருக்கு எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு விரைவு என்பதே பெரிது. எனவே கோர்வாரியான வரைபடத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாபேஸ், பில்லிங் மென்பொருள், எக்செல் மேக்ரோ என்று எந்த மென்பொருளை ஆராய்ந்தாலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

பிராசஸர்தான் தடை என்று தெரிந்தால் எமுலேட்டரைத் தொடாமல் முதலில் கணினியைக் கவனியுங்கள். சார்ஜர் செருகியிருக்கிறதா? விண்டோஸின் பவர் மோட் மின்சிக்கனத்தில் கிடக்கிறதா? லேப்டாப் திணறல்களில் கணிசமானவை இந்த இரண்டு கேள்விகளிலேயே தீர்ந்துவிடும். அடுத்தது சூடு. முதல் பத்து நிமிடம் சீராக ஓடி, பிறகு மெல்ல மெல்ல வேகம் இறங்கினால் செட்டிங்கில் தேடாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் பிராசஸரின் கிகாஹெர்ட்ஸ் எண்ணைக் கவனியுங்கள். சூடேறச் சூடேற அது இறங்கினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது என்று பொருள். விசிறியில் அடைந்த தூசியும், மெத்தைமேல் வைத்த லேப்டாப்பும் இதற்குப் போதும். இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் எமுலேட்டருக்குள் போக வேண்டும். வெக்டர் யூனிட் வேலையைத் தனி இழைக்கு மாற்றும் எம்டிவியு இயங்குகிறதா என்று பாருங்கள். நான்கு கோர் உள்ள கணினியில் அது நல்ல பலன் தரும்.

கிராஃபிக்ஸ் கார்டுதான் தடை என்றால் கணக்கு எளிது. ரெசல்யூஷனை மூன்று மடங்காக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் ஒன்பது மடங்காகும். ஆறு மடங்காக்கினால் முப்பத்தாறு. ஒரு படி இறங்குங்கள். பிளெண்டிங் துல்லியத்தை உயர்த்தி வைத்திருந்தால் அதையும் இறக்குங்கள். இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் எமுலேட்டர் பலவீனமான சிப்பில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்கில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் அந்தச் செயலிக்கு வலுவான சிப்பை ஒதுக்கலாம். தனிக் கார்டே இல்லாத கணினியில் ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால், இணையான இன்னொன்றைச் சேர்ப்பது உருப்படியான மேம்பாடு.

மெதுவாக ஓடுவதும் விட்டுவிட்டுத் துள்ளுவதும் வேறு வேறு நோய்கள். புகார் கொடுப்பவர் இரண்டையும் "ஸ்லோ" என்றே சொல்வார். பிரித்துக் கேட்பது உங்கள் பொறுப்பு. கேம்கியூப், வீ விளையாட்டுகளுக்கான டால்ஃபினில், புதிய வெடிப்போ புதிய இடமோ முதல்முறை வரும்போது மட்டும் படம் ஒரு கணம் உறைந்து, அடுத்தமுறை அதே இடத்தில் சீராக ஓடினால் அது ஷேடர் (கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்) தயாராகும் தாமதம். வேகமான பிராசஸர் வாங்கினாலும் அது முழுதாகப் போகாது. இதற்கென்றே டால்ஃபின் குழு 2017இல் உபர்ஷேடர் முறையைக் கொண்டுவந்தது. கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ஹைப்ரிட் வகையைத் தேர்ந்தெடுங்கள். பிளேஸ்டேஷன் 3க்கான ஆர்பிசிஎஸ்3 முதல்முறை ஒரு விளையாட்டைத் திறக்கும்போது நெடுநேரம் கம்பைல் செய்துகொண்டிருக்கும். அது கோளாறு அல்ல, காத்திருங்கள்.

சில வேளைகளில் விளையாட்டே மெதுவானது. 2005இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்' அசல் கன்சோலிலேயே பிரம்மாண்டமான காட்சிகளில் ஃப்ரேம்களைத் தவறவிட்டது. எமுலேட்டர் அதை அப்படியே காட்டினால் அது விசுவாசம். சீராக்க வேண்டுமென்றால் இஇ சைக்கிள் ரேட்டை 130 அல்லது 180 சதவீதத்துக்கு ஏற்றலாம். கற்பனைக் கன்சோலின் வேகம் கூடும், அதற்கான சுமை உங்கள் பிராசஸர்மேல் விழும். பலவீனமான கணினிக்கு இது மருந்தல்ல. சைக்கிள் ஸ்கிப்பிங் என்ற மற்றொரு வசதி, வேகச் சதவீதத்தை உயர்த்திக் காட்டிவிட்டு ஆட்டத்தையே துண்டு துண்டாக்கக்கூடும். எண் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாமல் படத்தைக் கண்ணால் பாருங்கள்.

பதிப்பும் முக்கியம். பிசிஎஸ்எக்ஸ்2வின் 2.0 பதிப்பு 2024 ஜூலையில் வந்தது. அதில் பழைய பிளக்-இன் அமைப்பே கிடையாது. 2020இல் வந்த 1.6க்காகச் செய்யப்பட்ட வீடியோ அறிவுரைகள் இதற்குப் பொருந்தா. குழம்பிப்போன செட்டிங்கை இயல்புநிலைக்கு மீட்டுவிட்டு, தேவையான மாற்றத்தை அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் செய்யுங்கள். பொதுச் செட்டிங்கில் கைவைத்தால் நாளைக்கு வேறொரு விளையாட்டு கெடும்.

இவ்வளவையும் செய்யும்போதே எழுதி வையுங்கள். விளையாட்டின் தொடர் எண், எமுலேட்டர் பதிப்பு, பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, டிரைவர் பதிப்பு, எந்தக் காட்சியில் எத்தனை சதவீதம், எந்த ஒரு மாற்றத்துக்குப் பின் எத்தனை. ஒவ்வொரு மாற்றத்தையும் அதே சேவ் இடத்திலிருந்து சோதியுங்கள்; இல்லையென்றால் ஒப்பீடு செல்லாது. உண்மையான பழுது என்று தெரிந்தால் லாக் கோப்போடு அந்தத் திட்டத்தின் கிட்ஹப் பக்கத்தில் பதிவு செய்யுங்கள். பிசிஎஸ்எக்ஸ்2, டால்ஃபின், ஆர்பிசிஎஸ்3 மூன்றும் ஓப்பன் சோர்ஸ்தான். நேர்காணலுக்குப் போகும்போது "ட்ரபுள்ஷூட்டிங் தெரியும்" என்று ரெஸ்யூமேயில் ஒரு வரி சேர்ப்பதற்குப் பதிலாக, அந்தப் பதிவின் இணைப்பைக் கொடுத்து, ஜிஎஸ் இழை 98 சதவீதத்தில் நின்றதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அதற்கு முன் எதையெல்லாம் சோதித்து விலக்கினீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.