ஆலங்குடி இரண்டு

திருச்சி

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. “உசிரே இல்லாம வேலைக்குப் போயிட்டு வரேன் மாமா” என்றாய். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அடுத்த நொடியே “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க” என்றாயே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது. போனில் எனக்கு ஆறுதல் சொல்ல வராது. எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும். பஸ்ஸில் படிக்காதே, ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படி.

உனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. அதில் தப்பு ஒன்றுமில்லை. எம்.எஸ்சி. தாவரவியல் படித்தவள் நீ. செயின்ட் ஜோசப் கல்லூரியின் உலர்செடித் தொகுப்பான ராபினாட் ஹெர்பேரியத்தை ஒரு நாள் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசினாய். இன்றைக்கு வேளச்சேரியில் ரூம் எடுத்துக்கொண்டு, யாரோ ஒரு அமெரிக்க நோயாளியின் சார்ட்டைப் படித்து அதற்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறாய். அப்பாவின் கடனும் தம்பியின் காலேஜ் ஃபீஸும் உன்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தன. அது எனக்குத் தெரியும்.

“மனசை மாத்திக்கோ, எல்லா வேலையும் தெய்வம்தான்” என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொன்னவர்கள் என் வாயை அடைத்தார்களே தவிர, மனசைத் தொடவில்லை. “பிடித்ததை மட்டும் செய், பணம் தானாக வரும்” என்று மேடையில் பேசுகிறவர்களையும் நான் நம்புவதில்லை. மாதம் பிறந்தால் வாடகையும் வட்டியும் கட்டவேண்டிய பிள்ளையிடம் அப்படிப் பேசுவது இரக்கமில்லாத பேச்சு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதில் உனக்கு உதவுகிறதை எடுத்துக்கொள்.

1980-இல் ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் சேர்ந்தபோது எனக்கு 22 வயது. பி.ஏ. தமிழ் முடித்து, பி.எட். படித்துத் தமிழ் வாத்தியாராக வேண்டும் என்று இருந்தவன். உன் தாத்தா திடீரென்று போய்விட்டார். உன் அம்மா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தது தபால் பிரிக்கிற வேலைக்கான உத்தரவு; போய்ச் சேர்ந்துவிட்டேன்.

இரவு செட். எதிரே மரச்சட்டத்தில் வரிசை வரிசையாக அறைகள். பையைக் கவிழ்த்தால் கடிதம் மலையாகக் கொட்டும். ஒவ்வொன்றாக எடுத்து, முகவரியைப் பார்த்து, அந்தந்த ஊர் அறையில் போடவேண்டும். சாக்குத் தூசி தொண்டையில் ஏறும். அரக்கு உருக்கும் வாசனை சட்டையைவிட்டுப் போகாது. ஒரு மலை கரைந்தால் அடுத்த ரயிலில் இன்னொரு மலை வந்துவிடும். பொங்கல் சமயத்தில் வாழ்த்து அட்டைகள் வந்து விழும்போது விடியற்காலையில் கை தானாக ஆடும். முதல் இரண்டு வருஷம் நான் அந்த வேலையை வெறுத்தேன். உன்னைப் போலவேதான். ஒருவரிடமும் சொல்லவில்லை.

எங்கள் செட்டில் ஒரு பெரியவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். ஒரு ராத்திரி என் கையிலிருந்து ஒரு போஸ்ட் கார்டை வாங்கினார். பெயர், தெரு, ஆலங்குடி. அவ்வளவுதான் முகவரி. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இலேயே வந்துவிட்டது என்றாலும் அதை எழுதாதவர்கள் அப்போது நிறையப் பேர். நான் அதைக் கும்பகோணம் பக்கம் போடப் போனேன். குரு கோயில் இருக்கிற ஆலங்குடிதானே எல்லாருக்கும் தெரிந்தது? அவர் கார்டைத் திருப்பி விளக்கடியில் பிடித்தார். “தம்பி, தெருப் பேருக்குக் கீழ பொடி எழுத்துல என்ன இருக்கு?” என்றார். “தாலுகா ஆபீஸ் பின்புறம்” என்று இருந்தது. “குரு கோயில் ஆலங்குடியில ஏது தாலுகா ஆபீஸ்? இது புதுக்கோட்டை ஆலங்குடி.” 622-இல் தொடங்கும் பக்கம் போகவேண்டியதை நான் 612 பக்கம் அனுப்ப இருந்தேன். போயிருந்தால் மிஸ்சென்ட். சுற்றித் திரும்பி வர நாலைந்து நாள் ஆகியிருக்கும். அது கல்யாணச் சேதியோ, சாவுச் சேதியோ, பார்க்க எங்களுக்கு நேரமில்லை. ஆனால் அந்தக் கார்டுக்காக ஒருவர் வாசலில் நிற்பார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். ஒரே பெயருள்ள ஊர்களை எழுத ஆரம்பித்தேன். ஆத்தூர் என்றால் சேலம் பக்கம் ஒன்று, திண்டுக்கல் பக்கம் ஒன்று. திருப்பத்தூர் என்றால் வேலூர்ப் பக்கமும் உண்டு, சிவகங்கைப் பக்கமும் உண்டு. எந்த அடையாளம் இருந்தால் எந்த ஊர் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன். யாரும் என்னை அதைச் செய்யச் சொல்லவில்லை. அதற்கு ஒரு ரூபாய் கூடுதலும் வரவில்லை. ஆனால் அந்த நோட்டு வந்த பிறகு, அந்தப் பெரிய கொட்டகைக்குள் எனக்கென்று ஒரு மூலை கிடைத்தது. அந்த மூலையில் நான் யாருக்கும் கீழே இல்லை.

தூசி அப்படியேதான் இருந்தது. இரவு செட்டும் அப்படியேதான். வேலை எனக்குப் பிடித்துவிட்டது என்று சொன்னால் பொய். 2018-இல் ஓய்வு பெறும் வரை பிடிக்கவில்லை என்றுகூடச் சொல்வேன். ஆனால் ‘வீண்’ என்ற எண்ணம் போய்விட்டது, பாப்பா. பிடிக்காமல் இருப்பது வேறு, வீண் என்று நினைப்பது வேறு. உன்னைத் தின்பது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

போன வருஷம் தீபாவளிக்கு வந்தபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா? நோய்க்கும் காயத்துக்குமாக 70,000-க்கும் மேல் எண்கள், வாத்து இடித்துக் காயம் பட்டால்கூட அதற்கு ஒரு எண் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய். வலது காலா இடது காலா என்று டாக்டர் குறிப்பில் ஒரு சொல் இருக்கும், அதை விட்டால் க்ளெய்ம் திரும்பிவிடும், பில் அந்த நோயாளி வீட்டு வாசலுக்கே போய் நிற்கும் என்றாய். ஆடிட்டில் தப்பு என்று போட்டதை நீ வழிகாட்டி நூலைக் காட்டி மாற்ற வைத்தாய் என்றும் சொன்னாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தேன். இலை எதிரெதிரா, மாறி மாறியா, கிள்ளினால் பால் வருகிறதா என்று பார்த்துச் செடியின் பெயரைப் பிடிப்பாயே, அதே கண்தான். அந்தக் கண்ணை நீ சென்னைக்கும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். டார்கெட் அவசரத்தில் அது உனக்கே தெரியவில்லை.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனோ? பிரசிடென்சி கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் நூலகராகப் போனார். வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு இருந்த மனுஷனுக்கு அந்தத் தனிமை ஆகவில்லை. சில வாரங்களிலேயே பழைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று போய் நின்றுவிட்டார். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் கணக்கு வாத்தியார் வேலை உங்களுக்கே என்றார்கள். போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மைச் சாமானைப் பார்த்தார். நாலைந்து வகைத் துண்டும் திருகாணியும் வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் கட்டலாம். ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து எண்ணால் பூட்டினால் என்ன என்று தோன்றியது. அதுதான் 1933-இல் கோலன் பகுப்பு முறையாக வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே நூலகத்துக்கான ஐந்து விதிகளை எழுதிவிட்டார். நம் ஊர்க் கிளை நூலகங்களுக்கு அடிப்படையான 1948-ஆம் வருஷச் சட்டத்திலும் அவர் உழைப்பு உண்டு.

அவர் கணக்கை விட்டுவிட்டு நூலகராகவில்லை, கவனி. கணக்கைக் கையோடு நூலகத்துக்குள் கொண்டுபோனார். அதற்காக நீயும் அவரைப் போல் ஆகிவிடுவாய் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அத்தனை பேருக்கும் அது வாய்க்காது. அவருக்குத் திரும்பிப்போக ஒரு வேலை காத்திருந்தது, உனக்கு இல்லை. அதையும் மறைக்க மாட்டேன்.

கணித மேதை ராமானுஜனுக்கு நடந்தது வேறு. 1912 மார்ச் 1-ஆம் தேதி மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அந்தக் கணக்கு வேலையில் அவர் ஒரு புதுமையும் செய்ததாக நான் படித்ததில்லை. அது அவருக்குச் சோறு போட்டது. மிச்ச நேரத்தை அவர் தன் கணக்குக்கு வைத்துக்கொண்டார். மறு வருஷமே பல்கலைக்கழக உதவித்தொகை கிடைத்து வெளியே வந்துவிட்டார். வேலை ஒரு திண்ணையாகவும் இருக்கலாம். மழை விடும்வரை ஒதுங்கி நிற்பதில் குற்றமில்லை.

இனி, நடப்புக்குச் சில விஷயம்.

மதியம் சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் சேர்ந்து கம்பெனியைத் திட்டுகிற கூட்டம் ஒன்று இருக்கும். எங்களுக்கு டீக்கடையில் இருந்தது. நானும் போய் நின்றிருக்கிறேன். ஒரு வாரம் தெம்பாக இருக்கும். பிறகு பார்த்தால், வேலையில் எட்டு மணி நேரம், அதைப் பற்றிப் பேச்சில் இன்னும் இரண்டு மணி நேரம் என்று பத்து மணி நேரத்தை அதற்கே கொடுத்திருப்பாய். அந்தப் பிள்ளைகளோடு சாப்பிடு, சிரி. பேச்சை மட்டும் மாற்று.

புதிதாகச் சேர்ந்தவர்கள் உன் பக்கத்தில் உட்கார்ந்தால் சொல்லிக்கொடு. வாத்தியாராக வேண்டும் என்று நினைத்த எனக்கு அந்த ஆசை பாதியாவது தீர்ந்தது அங்கேதான். 38 வருஷத்தில் எத்தனையோ பேருக்கு அந்த மர அறைகளைக் காட்டிக் கற்றுக்கொடுத்தேன். என் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒருவர் போன மாதம்கூட வீட்டுக்கு வந்து, “ஆலங்குடி ரெண்டு சார்” என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. சார்ட்டில் எழுதாதது நடக்காதது என்பது உங்கள் தொழிலில் சொல்கிற சொல் என்றாயே, அதைப் பிடித்துக்கொள். செய்யாத வைத்தியத்துக்கு எண் போடு, சின்ன வைத்தியத்தைப் பெரிதாகக் காட்டு என்று யாராவது சொன்னால், “மெயிலில் எழுதிக் கொடுங்கள்” என்று கேள். எழுதியும் கொடுத்தால் அன்றைக்கே கிளம்பி வந்துவிடு. கடனை நாம் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். சலிப்பைத் தாங்கச் சொல்வேன், பொய்யைத் தாங்கச் சொல்ல மாட்டேன். உடம்பு கெட்டாலும் அப்படித்தான். கண் எரிகிறது என்றாய். இந்த வாரமே டாக்டரிடம் காட்டு. தள்ளிப்போடாதே.

சம்பளத்தில் மிஞ்சுவது முழுவதையும் வீட்டுக்கு அனுப்புகிறாய் என்று உன் அம்மா பெருமையாகச் சொன்னாள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. நானும் அப்படித்தான் அனுப்பினேன். பி.எட். விண்ணப்பத்துக்குக் காசில்லை என்று மூன்று வருஷம் தள்ளினேன். அப்புறம் வயது போய்விட்டது. நீ மாதம் ஒரு தொகை உன் பேரில் தனியாகப் போட்டு வை. அதை யாரிடமும் சொல்லவேண்டாம், என்னிடமும்கூட. நெட் பரீட்சைக்கோ, பச்சைமலைக்கு ஒரு பயணத்துக்கோ, எதற்கானாலும் உன் இஷ்டம்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது நீ செடிகளை உலர்த்தி வைத்த அட்டைப்பெட்டி கையில் கிடைத்தது. உன் அத்தை பழைய பேப்பர் என்று எடைக்குப் போட எடுத்துவிட்டாள். நல்லவேளை, நான் பார்த்தேன். இரண்டு தாளில் பூச்சி அரித்திருக்கிறது. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. பூச்சி உருண்டை போட்டு இரும்புப் பெட்டிக்கு மாற்றிவிட்டேன். ஒரு தாளில் காவிரிக்கரை என்றும் தேதியும் எழுதியிருக்கிறாய். காய் நாலாக வெடித்து நிற்கிறது. பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் டிக்கெட் இருக்கிறதா பார். உன் லென்ஸை மறக்காமல் எடுத்து வா. தாளை மேஜைமேல்தான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா