பழைய மடல்களும் ஒரு சிறு நிரலும்

சங்கத்தின் பழைய மின்னஞ்சல்கள் நூற்றுக்கணக்கில் ஒரு கோப்புறையில் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை யாவரும் படிக்கத்தக்க எளிய உரைக் கோப்புகளாக மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றிக்கொண்டிருந்தால் தேர்வே வந்துவிடும்! சிறியதொரு பைத்தான் நிரல் இவ்வேலையை விரைவில் முடித்துவிடும்.

கோப்பின் பெயரிலுள்ள ‘ஈ.எம்.எல்.’ என்பதை ‘டி.எக்ஸ்.டி.’ எனத் திருத்தினால் போதாதோ? போதாது. மின்னஞ்சல் தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளைச் சுமக்கவே பிறந்தது. 1992-ஆம் ஆண்டில் வந்த மைம் என்னும் நெறியே பிறமொழிகளுக்கு வழி திறந்தது. யூனிகோடுத் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள். அம்மூன்றும் பேஸ்-64 முறையில் நான்கு குறிகளாக உருமாறிப் பயணம் செய்வதுண்டு. இம்மூட்டையை அவிழ்ப்பதே நிரலின் கடமை.

முதலில் கோப்புறையைப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தைத் தொடாமல் வையுங்கள். ஒவ்வொரு கோப்பையும் நிரல் பைட்டுகளாகவே படிக்கட்டும். பைத்தானோடு வரும் ‘ஈமெயில்’ தொகுதி தலைப்பையும் உடலையும் பிரித்துத் தரும். எளிய உரை இருப்பின் அதை எடுங்கள், இன்றேல் எச்.டி.எம்.எல். பகுதியை எடுத்து, அதன் குறிச்சொற்களை நீக்குங்கள். அனுப்பியவர், நாள், தலைப்பு மூன்றையும் மேலே எழுதி, பழைய கோப்பின் பெயரையே புதியதற்கும் இடுங்கள். மடலின் தலைப்பைப் பெயராக்கினால், ‘பொங்கல் விழா’ என்ற பத்து மடல்களில் கடைசி ஒன்றுதான் மிஞ்சும்!

‘பிழை எதுவும் வரவில்லை, எல்லாம் சரி’ என்று மகிழ்ந்துவிடாதீர்கள். யூனிகோடு பரவுமுன் பலர் திஸ்கி முறையில் தமிழ் எழுதினர். அத்தகைய மடலில் ‘ஐ.எஸ்.ஓ. 8859-1’ என்று குறியேற்றம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் என்ன ஆகும்? அம்முறை எந்தப் பைட்டையும் மறுக்காது. நிரலும் முணுமுணுக்காமல் பொருளற்ற குறிகளை எழுதித் தள்ளும். அம்மடல்களைத் தனியே பிரித்து, உடற்பகுதியைப் பைட்டுகளாகவே எடுத்து, லினக்ஸிலுள்ள ‘ஐகான்வ்’ கருவியால் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றலாம்.

ஆகவே, முதலில் ஒரே மடலில் சோதியுங்கள். பிறகு எல்லாவற்றையும் மாற்றி, போனவை எத்தனை, வந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் சில மடல்களைக் கண்ணால் படித்துப் பாருங்கள். நிரல் நன்மையை விரைவாகச் செய்யும். தவற்றையும் அதே விரைவில் செய்யும். முன்னோர் தமிழில் எழுதியது பின்வருவோர்க்கும் தமிழாகவே சென்று சேரவேண்டுமன்றோ?