அண்ணனுக்கு ஒரு சட்டம், தங்கைக்கு ஒரு சட்டம்

பென்னாகரம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கண்ணு,

வியாழக்கிழமை நீ கோர்ட் வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்ல முடியவில்லை. வாய்தாவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் தற்காலிகப் பாதுகாப்பில் இருந்த நேபாளிகளின் செய்தியை ஃபோனில் காட்டி, "நமக்கும் ஒருநாள் இப்படி முடிஞ்சிட்டா எங்க போறது அங்கிள்?" என்றாய். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு அது. முடித்துக்கொள்வதாக 2025-ல் அந்நாட்டு அரசு அறிவித்தது, விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. அங்குள்ள வக்கீல்கள் அப்போது கட்சிக்காரரிடம் முதலில் கேட்பது, 'இந்தப் பாதுகாப்பைத் தவிர உனக்கு வேறு ஏதாவது பிடிமானம் உண்டா?' என்பதுதான். நாகாவதி அணை இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த உன்னிடமும் நான் அதையே கேட்கிறேன்.

உங்களுக்கு இப்போது இருப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. நமக்கென்று அகதிகள் சட்டமும் கிடையாது. 2021-ல் முகாமின் பெயர்ப்பலகை 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. நல்ல மாற்றம்தான், ஆனால் பலகை மாறினால் சட்டம் மாறாது. 2025 செப்டம்பரில் குடியேற்றம், வெளிநாட்டினர் பற்றிய புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. முகாமில் அன்று இனிப்பு கொடுத்தார்கள் என்று உன் அண்ணன் சொன்னான். கொடுக்கட்டும். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, உனக்கு உரிமை உண்டு என்பது வேறு. ஆணையில் கொடுத்த விலக்கை இன்னொரு ஆணையில் எடுத்துவிடலாம். பொருளாதார நெருக்கடியில் 2022-ல் தனுஷ்கோடிப் பக்கம் படகில் வந்து இறங்கினவர்களுக்கு அந்த விலக்கும் இல்லை.

இனி உன் வீட்டுக் கணக்கு. ஒரு தாளை எடுத்து நாலு பேரின் பிறந்த தேதியையும் எழுது.

குடியுரிமைச் சட்டம், 1955, பிரிவு 3. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன். அப்பா அம்மா யார் என்ற கேள்வியே கிடையாது. உன் அம்மா 1984-ல், பாட்டி மண்டபம் முகாமில் இருந்தபோது, ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவர். இத்தனை வருஷம் முகாம் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு பணக்கொடை வாங்கிய உன் அம்மா, சட்டப்படி இந்தியர்! கதையாகச் சொல்லவில்லை. 1986-ல் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024-ல் அவர் கைக்கு வாக்காளர் அட்டையும் வந்தது. அதற்கு முன்பே, 2010-ல், இங்கே பிறந்த ஒரு திபெத்தியப் பெண்ணுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் இதே பிரிவை வைத்துத்தான் தீர்ப்புச் சொன்னது.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். உன் அண்ணன் பிறந்தது 2004 மார்ச். அம்மா இந்தியர் என்றால் அவனும் இந்தியன்.

நீ 2006. அங்கேதான் இடிக்கிறது. 2004 டிசம்பர் 3-லிருந்து சட்டம் இன்னொன்றும் கேட்கிறது: ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. உன் அப்பா 1990-ல் பத்து வயதுப் பையனாகப் படகில் வந்தவர், பாஸ்போர்ட் இல்லாமல். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்களில் ஒருவன் குடிமகன், ஒருத்தி அயலார். இந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அது இருக்கட்டும், எரிச்சலை வைத்து மனு எழுத முடியாது.

பிறப்பால் கிடைக்காத குடியுரிமைக்கு, பதிவு மூலமும், இயல்புரிமை மூலமும் கலெக்டர் வழியாக மத்திய அரசுக்கு விண்ணப்பிக்கலாம். இயல்புரிமைக்குப் பன்னிரண்டு வருஷ வசிப்பு வேண்டும், அரசியலமைப்பின் அட்டவணை மொழி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தமிழில் உன்னை யார் ஃபெயிலாக்க முடியும்? ஆனால் இரண்டு வாசலிலும் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற அதே பூட்டு தொங்குகிறது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிலருக்கு அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. இலங்கை அதில் இல்லை. அந்தத் திருத்தம் வருவதற்குச் சில மாதம் முன்பு, 2019 ஜூனில், இலங்கை மலையகத்திலிருந்து வந்த 65 பேர் போட்ட வழக்கில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இவர்களின் மனுக்களை கலெக்டர் தாமதமில்லாமல் மேலே அனுப்ப வேண்டும், மத்திய அரசு பரிசீலித்து முடிவு சொல்ல வேண்டும் என்றார். கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை.

உனக்காக நான் வைக்கக்கூடிய வாதம் ஒன்று உண்டு. சட்டத்தின் சொல் 'நுழைந்த' வெளிநாட்டவர் என்பது. நீ எங்கே நுழைந்தாய்? தர்மபுரி அரசு ஆஸ்பத்திரியில் கண் விழித்தாய். நியாயமான வாதம். ஜெயிக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். தருகிற வக்கீலிடம் ஃபீஸ் கட்டாதே.

திரும்பிப் போவதும் ஒரு வழிதான். அப்பா வழியில் நீ இலங்கைக் குடியுரிமை கோரலாம். அதற்குச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் உன் பிறப்பைப் பதிய வேண்டும். ஆனால் போவது மனமுவந்த முடிவாக இருக்க வேண்டும். 1992-ல் பலரை அனுப்பியபோது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததே இந்தக் கேள்வியில்தான். ஏஜென்ட் சொல்லும் ஆஸ்திரேலியப் படகை மட்டும் நினைக்காதே. 2014-ல் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய 157 பேரைக் கடலிலேயே பல வாரம் பிடித்து வைத்திருந்தார்கள். அங்குள்ள உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. குறுக்கு வழியில் வாக்காளர் அட்டை வாங்குவதும் அப்படித்தான். என் கட்சிக்காரர் ஒருவர் புரோக்கரிடம் அட்டை வாங்கி, நிஜமாகவே இருந்த உரிமையைக் கேட்கப் போன இடத்தில் பொய் ஆவண வழக்கில் மாட்டினார்.

கடைசியாக ஒன்று. நீ பேச்சுவாக்கில் சொன்னது எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் தரவில்லை: உன் அப்பாயி மஞ்சள் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும், தாத்தாவின் கறுப்பு அட்டைப் புத்தகம். ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருந்தவர் என்றாயே. 1964 அக்டோபர் 30-ல் அன்றைய இரு நாட்டுப் பிரதமர்கள் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. இந்தியக் குடியுரிமை கிடைத்தும் 1984-ல் கப்பல் நின்றதால் வர முடியாமல் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பிறகு கலவரத்தில் அகதியாக வந்தார்கள். தங்கள் நாட்டுக்கே அகதியாக!

அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகம் இந்தியப் பாஸ்போர்ட்டாக இருந்து, தாத்தாவின் பதிவு உன் அப்பா பிறப்பதற்கு முந்தியதாக இருந்தால், அப்பா வம்சாவளியில் இந்தியக் குடிமகன். அப்போது அவர் சட்டவிரோதக் குடியேறி ஆக மாட்டார். உன் மேல் தொங்கும் பூட்டும் கழன்றுவிடும். வெளிநாட்டில் அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்குத் தகப்பன் வழி மட்டும்தான் செல்லும் என்பதால் அப்பாயியின் புத்தகத்தைவிட தாத்தாவின் புத்தகம் முக்கியம்.

உள்ளே கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தின் முத்திரை இருக்கிறதா, பதிவுத் தேதி என்ன, பின்பக்கம் பிள்ளைகள் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார். அம்மாவின் பிறப்புச் சான்றும் வேண்டும். அதில் பாட்டியின் பெயர் முகாம் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பார். எதையும் லேமினேட் செய்யாதே, ஒட்டிய தாளை ஆபீஸில் வாங்க மாட்டார்கள். ஜெராக்ஸ் இரண்டு செட் போதும், அசலை யாரிடமும் கொடுக்காதே, என்னிடமும்தான். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, இங்கே கோர்ட்டிலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது.

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். நாளைக்கு முடியாது, அடுத்த வாரம் போகலாம். அதற்கு முன் ஒரு சாயங்காலம் வா. முடிந்தால் அப்பாயியையும் கூட்டி வா, அந்தத் துணியை அவரே அவிழ்க்கட்டும்.

அன்புடன்,
உன் வக்கீல் அங்கிள்