கீழே கடை, மேலே வீடு: படிக்கட்டு எங்கே?

கடைக்கு மேல் வீடு கட்டிக் குடியிருப்பது நம் வணிகர்களுக்குப் புதிதல்ல. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி கடைத்தெருக்களில் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். வீட்டு வாடகை மிச்சம், இரவில் சரக்குக்குக் காவல், மதியச் சாப்பாடு சூடாக வரும்.

ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தி போன்ற ஊரில் இப்படிக் கட்டுபவருக்குக் கவலை குறைவு. மனையின் பக்கத்தில் ஒரு சந்து விட்டு, அதில் படியை வைத்துவிடலாம். நகரத்துக் கடைத்தெருவில் கிடைப்பதோ 15 அடி அகலம், 60 அடி ஆழம். இரு பக்கமும் அடுத்தவர் சுவர். அங்கே முன் அகலம் முழுவதையும் கடைக்குக் கொடுத்துவிட்டு, படிக்கட்டைக் கடையின் பின்கோடியில் வைப்பதே பலரின் வழக்கம். இரவு ஷட்டரை இறக்கிப் பூட்டியபின், மேலே உறங்குபவர் தெருவுக்கு வர வேண்டுமானால் சரக்கைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டில்லி அனாஜ் மண்டி சாட்சி. 2019 டிசம்பர் 8 விடியற்காலையில், பை முதலியவை தயாரித்துவந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. வேலை செய்த இடத்திலேயே உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 43 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. குறுகிய சந்தில் தீயணைப்பு வண்டி நெருங்கவும் சிரமப்பட்டது. நம் கடைத்தெருக்களின் அகலம் நமக்குத் தெரியாததா?

ஆகவே வீட்டுப் படி கடைக்குள் இறங்கக்கூடாது. நேரே தெருவில் இறங்க வேண்டும். "முன் அகலத்தில் நாலடி போனால் வியாபாரம் என்னாவது?" என்று கேட்பார்கள். கணக்குப் பார்ப்போம். 15 அடியில் இரண்டு 9 அங்குலச் சுவர் போக உள்ளே 13½ அடி. படிக்கு 3½ அடியும் நடுவில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரும் போனால் கடைக்கு ஒன்பதரை அடிக்குக் குறையாமல் நிற்கும். தளத்தின் உயரம் பத்தரை அடி என்றால், 7 அங்குலம் வீதம் 18 ஏற்றம். நடுவே ஒரு திருப்பு மேடை விட்டாலும் 18 அடி நீளத்துக்குள் படி முடிந்துவிடும். அதற்குப் பின்னால் கடை மறுபடி முழு அகலத்துக்கு விரிகிறது. வாடிக்கையாளர் நிற்க முன்பக்கம், சரக்கு அடுக்கப் பின்பக்கம் என்று வைத்தால் நஷ்டம் பயந்த அளவுக்கு இல்லை. படிக்குக் கீழே அட்டைப்பெட்டி அடுக்கும் ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டும்.

அடுத்தது முற்றம். 60 அடி ஆழத்தில் நடுப்பகுதிக்கு வெளிச்சம் வர வேறு வழியில்லை. சிங்கப்பூரில் நம்மவர்களும் சீனர்களும் வாழ்ந்த கடைவீடுகளின் கதை இங்கே பொருந்தும். 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், கடைகளின் முன்னால் எல்லாரும் நடக்கத் தொடர்ச்சியான தாழ்வாரம் விட வேண்டும் என்று விதித்தார்கள். முன்பக்கம் அழகாக அமைந்தது. பின்னால் அறைகளைத் தடுத்துத் தடுத்து ஆட்களை அடைத்ததில் காற்றும் வெளிச்சமும் போய், காசநோய் பரவியது. 1907-இல் சிம்சன் என்ற மருத்துவர் தந்த அறிக்கைக்குப் பிறகுதான் பின்சந்துகளை வெட்டித் திறக்கத் தொடங்கினார்கள். கட்டியபின் இடிப்பது எவ்வளவு செலவு!

ஆனால் முற்றம் புகைபோக்கியாகவும் மாறும் என்பதைச் சிலர் யோசிப்பதில்லை. கடையில் பிடித்த தீயின் புகை முற்றம் வழியாக நேரே படுக்கையறை ஜன்னலுக்கு ஏறும். எனவே கடைக்கும் முற்றத்துக்கும் இடையே முழுச் செங்கல் சுவரும், தானே மூடிக்கொள்ளும் கதவும் வேண்டும். மழைக்குப் பயந்து மேலே தகடு போட்டு முழுதும் மூடுவதும் தவறு. புகை வெளியேற இடமிருக்காது. மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வேண்டாம், உள்தாழ்ப்பாள் போதும். பக்கத்து மாடிக்குத் தாண்டிச் செல்லும்படி கைப்பிடிச் சுவர் இருந்தால் இன்னும் நல்லது; அண்டை வீட்டாரிடம் இதை முன்கூட்டியே பேசிவைப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

நம் பகுதிக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. ஷூ அப்பர் ஒட்டும் சொல்யூஷனின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, படியில் இறங்கி, தூரத்தில் எரியும் அடுப்பையோ பூஜை விளக்கையோ போய்த் தொடும். மேல்மாடியில் ஒட்டு வேலை கூடவே கூடாது. கீழே பின்பக்கம், தரைமட்டத்தில் காற்றுத் திறப்புள்ள தனி அறையில், அன்றைய தேவைக்கு மட்டும் டப்பா இருக்கட்டும்.

மின் இணைப்பும் இரண்டாக இருக்க வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதற்காக அதிலிருந்து கடைக்கு ஒயர் இழுத்தால் அபராதம் வரும். அதைவிட முக்கியம், இரவில் கடையின் மெயினை அணைத்துவிட்டு வீட்டில் விளக்கெரிய வசதி இருப்பது. இரண்டு மெயின் சுவிட்சும் தெருவாசலருகே, கடையைத் திறக்காமல் கை எட்டும் இடத்தில் வரட்டும். வரைபடம் போடும் பொறியாளரிடம் இதைச் சொல்லும்போதே, 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உங்கள் தெருவில் முன்னும் பின்னும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதையும் நகராட்சியில் கேட்டுவரச் சொல்லுங்கள்.